முழங்காலுக்கு வைத்த ரசம்

சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: மரகதவல்லி, அவள் கணவர் தணிகாசலம், அவரவர் உடம்பைச் சோதித்து ரசம் வைக்கும் இயந்திரம். அவருடைய முழங்கால் வீங்கியதிலிருந்து அவள் தூத்துக்குடிக்குப் போய் அக்காவைப் பார்க்கவில்லை. இன்றும் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருக்க, அவர் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரசத்தைக் குறை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“என்ன ரசம் இது, சப்புனு? மஞ்சளும் இல்ல, மிளகும் இல்ல!”

“உங்கள் முழங்கால் செல்கள் வீக்கத்துக்குச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திப் பத்து நாளாகிறது. நேற்றோடு மருந்து ரசம் முடிந்தது,” என்றது இயந்திரம்.

மரகதவல்லி முறைத்தாள். “பத்து நாளா நடிப்பா?”

“நீ போயிட்டா வீடு வெறிச்சோடிடுமேடி.”

“அப்ப நீங்களும் கிளம்புங்க. கால்தான் நல்லாயிடுச்சே, பெட்டியத் தூக்குங்க.”

அவர் பெட்டியோடு வாசலைத் தாண்டியதும், அவளும் பின்னாலேயே வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.