துள்ளும் புள்ளிகள்

"மாப்ள கூப்பிட்டாரேன்னு திருமங்கலத்துலருந்து வந்தேன். ஆளையே காணோமே" என்றபடி உட்கார்ந்தாள் ஒச்சாயி.

"உள்ள வேலையா இருக்காருக்கா. இந்த ரெண்டு போனுலயும் ஒரே கேள்வியக் கேளுங்க. எந்த ஏஐ தோதா இருக்குன்னு சொன்னாப் போதும்" என்றாள், இரண்டு திரைகளையும் வடிவமைத்த தமிழ்வாணி.

"மகளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு என்னென்ன செய்யணும்?" என்று இரண்டிலும் கேட்டுவிட்டு, ஒச்சாயி பச்சைத்திரை போனைத் தூக்கிக் காட்டினாள்.

"இது மனுசங்க மாதிரி. கேட்டதும், மக நல்லாச் சாப்பிடுறாளான்னு விசாரிக்குது."

"அந்த நீலம்?"

"மூணு புள்ளி துள்ளிக்கிட்டே கெடக்கு. கடைசியில, 'பெரியவங்களைக் கேக்கவும்'ங்குது. சரியான மெசினு. இதுகூட மனுசி பேச முடியுமா?"

தமிழ்வாணி குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டாள்.

ஒச்சாயி பஸ் ஏறப் போனதும் அடுத்த அறைக் கதவைத் திறந்தாள். நீலத்திரைக்கான ஏஐ இன்னும் தயாராகவில்லை. திரையையாவது சோதித்துப் பார்க்கலாமென்று, காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து பதில்களைத் தட்டிக்கொண்டிருந்தான் அருள்பாண்டி.

விரல்களுக்குச் சொடக்கு எடுத்தபடி கேட்டான்:

"எங்க அத்தை என்ன சொன்னாங்க?"