வலிச்சாத்தான் எலும்பு கூடும்

"கட்டுல கை வெச்ச, நடக்கறதே வேற!" கத்தரிக்கோலோடு வந்த மருமகளை மறித்து நின்றாள் பச்சையம்மாள்.

"நகருங்க அத்தை. அவரு விரலப் பாருங்க, வெளுத்துப் போச்சு."

"வலிச்சாத்தான் எலும்பு கூடும்னு கட்டு போட்ட வைத்தியர் சொல்லிட்டுத்தானே போனாரு? மாடிப்படியில விழுந்து கை ஒடிஞ்ச புள்ள வலிக்காம சிரிப்பானா? வீக்கத்துக்குப் பத்து அரைச்சுப் போட்டா சரியாப் போவும். அம்மிக் குழவிய எங்கடி வெச்ச? காலையிலேர்ந்து தேடறேன்."

தேவிப்ரியா கட்டிலருகே போனாள். முருகவேல் சுவரோடு ஒண்டிக்கொண்டான்.

"அம்மா, இவளக் கிட்ட விடாத!"

"பாத்தியா? புள்ள மெரளுது."

தேவிப்ரியா அவன் நடுவிரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். அவன் போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"உள்ள சதை வீங்குது, வெளிய கட்டு இறுக்குது. ரத்தம் எப்படிப் போவும்? இதுக்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னு பேரு. விட்டா சதை செத்துடும். கை இருக்கும், ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"பிசியோதெரபி படிச்சுட்டா டாக்டரா நீ? உங்க வம்சத்துலயே காலேஜ் வாசல மிதிச்சவ நீ ஒருத்தி. அதுக்கே இவ்ளோ திமிரா!"

"ஆமா, திமிருதான். அந்தத் திமிருலதான் வெட்டறேன்."

முட்டை வெள்ளையில் விறைத்திருந்த துணி கரகரவென்று அறுபட்டது. மூங்கில் பத்தைகள் தரையில் சிதறின. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கை பாறைபோல் இறுகிப் பளபளத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. தேவிப்ரியா இறங்கி, கிரிவலம் போனவர்களை அதட்டி அதட்டி வழி விலக்கினாள்.

பெரியாஸ்பத்திரியில் உடனே கையைக் கீறி இறுக்கத்தைத் திறந்துவிட்டார்கள். "லேட்டாயிருந்தா விரலெல்லாம் சுருண்டு முடமாயிருக்கும். உங்க மருமகளுக்கு நன்றி சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர்.

மறுநாள் முருகவேலின் விரல்கள் அசைந்தன. பச்சையம்மாள் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"புருஷன் மேல உயிரையே வெச்சிருக்கா! இந்தக் கை நீ குடுத்ததுடி, தாயே."

முருகவேல் தலை நிமிரவில்லை.

"கை நல்லா ஆவட்டும் அத்தை. ஆனா இனிமே அது என்மேல ஓங்கக் கூடாது," என்றாள் தேவிப்ரியா. "அப்புறம், அந்தக் குழவியத் தேடாதீங்க. அவரு விழுந்த மாடிப்படி அதுதான். என் தலைமாட்டுலதான் இருக்கு. அங்கயேதான் இருக்கும்."