நேராக நிற்கும் தொட்டி

எங்கள் ஆலைக் கேமராப் படங்களைக் கணினி நேர்படுத்தித் திரையில் காட்டும். அதற்கு அமிலத் தொட்டிதான் அளவுகோல்; தொட்டி நேராகத் தெரியும்படி மொத்தப் படத்தையும் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் மேலாளர் அறை ஜன்னல் வழியே பார்த்தேன், தொட்டியே சாயத் தொடங்கியிருந்தது. திரையில் தொட்டி நேராக நின்றது. அதனடியில் வெல்டிங் செய்துகொண்டிருந்த சவரிமுத்துதான் சாய்ந்து தெரிந்தார்.

“சார், டேங்க் சாயுது. மைக்ல சவரிமுத்துவ வெளிய வரச் சொல்லுங்க,” என்றேன்.

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டேங்க் நல்லாத்தான்யா இருக்கு. அந்தாளுதான் ஒரு பக்கமா சாயுறான். குடிச்சிருக்கானா?”

ஜன்னலுக்கு வெளியே தொட்டியின் போல்ட் ஒன்று தெறித்தது. சவரிமுத்து சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர்.

“ஆமா சார், மூக்கு முட்ட,” என்றேன்.

“குடிகாரனுக்கு இங்க என்ன வேலை? கேட்டுக்கு வெளிய போய்யா,” என்று மைக்கில் சீறினார்.

முனகிக்கொண்டே சவரிமுத்து கேட்டைத் தாண்டினார். தொட்டி விழுந்தது.

மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார்.

“டேங்க் நேராத்தான் நிக்குது. கட்டடம் ஏன்யா படுத்திருக்கு?”