முதுகுப் பக்கம்

காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்த மகளைச் சம்பந்தம் வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து வேதவல்லி புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் சோற்றை வைப்பதோடு சரி. பித்தக் குழாய் குடலில் போய்ச் சேரும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்து, அவருடைய கண்ணும் தோலும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு பிடுங்கியெடுத்தபோதுதான் அவள் மரச்சீப்பை எடுத்துக்கொண்டு சொறிந்துவிட அவர் முதுகுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அபூர்வமான கட்டி என்று மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குள் அது ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுத்தெடுக்க வழியில்லை என்று சொல்லி, பித்தம் இறங்குவதற்கு ஒரு ஸ்டென்ட் குழாய் மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தம் இறங்கியதும் அரிப்பு அடியோடு நின்றுபோனது. சம்பந்தம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் வழக்கம்போல் வேதவல்லி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் அரிக்குதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தாங்க முடியல."

சட்டையைத் தூக்கியவள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கீறலெல்லாம் ஆறிக் காய்ந்திருக்கும். எழுந்து போய்விடுவாளோ என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

முதுகில் மெல்ல மேலும் கீழுமாகத் தேய்க்கத் தொடங்கினாள். சம்பந்தம் கண்ணைத் திறந்தார். மரச்சீப்பு எதிரே ஜன்னல் கட்டையில் கிடந்தது.