புரியாத கையெழுத்து

மருத்துவ கவுன்சில் கவுண்டரில், மூன்றாவது முறையாகத் திரும்பிவந்த விண்ணப்பத்தை டாக்டர் நீட்டினார்.

"இப்ப என்ன மேடம் குறை?"

"எழுத்து புரியலை சார். பதிவைப் புதுப்பிக்கணும்னா பேராவது படிக்கிற மாதிரி இருக்கணும்."

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "நாளையோட கெடு முடியுது. அப்புறம் நான் ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது. இருபது வருஷமா இதே எழுத்துதான், எந்த மருந்துக்கடையிலயும் திருப்பி அனுப்பினதில்லை!"

"ஊருக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதியா?"

புதுப் படிவத்தைத் தள்ளிய மேடம், பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி குனிந்தார்.

"நிறுத்தி நிதானமா எழுதுங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எழுதின லெட்டரையெல்லாம் மருந்துக்கடை அண்ணன்கிட்ட குடுத்துத்தான் படிச்சேன்!"