கல்லறை மணல்

நாற்காலியில் தாசில்தாரும் மணல் கம்பெனி மேனேஜரும் இருந்தார்கள். எதிரே வெறுந்தரையில் ஊர்ச்சனம், முன்வரிசையில் பிலோமினா. அவள் புருஷனைப் புதைத்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. அந்தக் கல்லறை மணலில் சிர்க்கான் என்கிற கனிமம் கிடக்கிறதாம், தோண்டச் சம்மதம் வேண்டுமாம்.

“இது கப்பலேறிப் போய் டைல்ஸுக்குப் பளபளப்பாகுது, அணு உலைக்குக் குழாயாகுது. என்னோட இந்தப் பல்லே இதுல செஞ்சதுதான்” என்று மேனேஜர் இளித்துக் காட்டினார்.

“அது எந்த ஊருக் கல்லறை, சார்?” என்றாள் பிலோமினா.

சிரிப்பு அடங்குமுன் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். பக்கத்து ஊரில் இப்படி வாங்கிய வருகைக் கையெழுத்துகளையே சம்மதமென்று காட்டித் தோண்டியவர்கள். பிலோமினா தன் பேருக்கு எதிரே ‘வந்தேன், சம்மதமில்லை’ என்று எழுதினாள். எல்லாரும் அப்படியே எழுதினார்கள். பதிவேடு காணாமல் போனாலும் போகும் என்று, அதையே கடிதமாக எழுதி, மறுபடி அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டி, அன்றைக்கே கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.