மூன்று வெளிச்சத்தில் ஒரு மில்

"ஒரே எடத்த எதுக்கும்மா மூணு தடவ படம் புடிக்கிற? மொத ரெண்டும் சரியா வுழலியா?"

மில்லுக்குள் தவிட்டை மூட்டையில் அள்ளிக்கொண்டே கேட்டாள் வேலைக்காரி இருசம்மாள். ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவிலிருந்து கையை எடுக்காமல் அனுப்பிரியா சிரித்தாள்.

"மூணும் வேற வேறக்கா. ஒண்ணுல வாசல்ல அடிக்கிற வெயில் சரியா வரும். ஒண்ணு நடுத்தரம். இன்னொண்ணுல உள்ள இருக்கற இருட்டு தெளியும். மூணையும் கம்ப்யூட்டர்ல சேத்தா ஒரே படம்."

"அதான் கண்ணாலயே எல்லாம் தெரியுதே! அதுக்கு எதுக்கு இம்மாம் பாடு?"

அனுப்பிரியா அடுத்த படத்துக்குத் தயாரானாள்.

பக்கத்தில் நின்ற அவள் கணவன் சபாபதிக்கு மனம் மில்லில் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதம். மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள், காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ் மில்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறாள். காலையில் வீராணம் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். சிதம்பரத்தில் ராத்திரி ஆட்டம் சினிமா என்றால் தலைவலி. சாயங்காலம் கடைத்தெரு என்றால், "நாளைக்குக் காலைல போலாமே." அவளுக்குத் தன்னைப் பிடித்துத்தான் இருக்கிறதா? கேட்டுவிடலாம். பதிலை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

ஆனால் இன்றைக்கு மில்லுக்குள் காலடி வைத்ததுமே, ஆட்கள் எல்லோரும் பார்க்க, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். படம் எடுக்க நின்ற இடம்வரை விடவில்லை.

"பாத்து தம்பி, கை கழண்டுடப் போவுது!" என்று இருசம்மாள் கேலி செய்தபோது சபாபதிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று படங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. சபாபதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வாசலுக்கு வெளியே களத்தில் காய்ந்த நெல், வெயிலில் வெளுத்துப் போகாமல் மணி மணியாகத் தெரிந்தது. உள்ளே, சாக்குப்பையின் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. மெஷினின் துரு செம்மண் நிறத்தில் மின்னியது. தவிடு படிந்த ஒட்டடைகூடத் தங்கச் சரிகை மாதிரி தொங்கியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற இடம். அதை இப்படி ஒருநாளும் அவன் பார்த்ததில்லை.

"அனு, இது நம்ம மில்லா? அப்பாவே நம்ப மாட்டாரு! உனக்கு எப்படித் தோணுச்சு இது?"

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. திரையை மூக்கு உரசும்படி குனிந்து, படத்தின் மூலை மூலையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"இந்தச் செவுத்துல சாமி படமெல்லாம் மாட்டியிருக்கா?"

"அதுக்குக் கீழதான நீ நின்ன?"

"மேல பரண் வேற இருக்கே! கூரை இம்மாம் உசரமா?"

"என்ன அனு, இவ்ளோ நேரம் அங்கயே நின்னுட்டு, இப்பதான் மொதமொதல்ல பாக்கற மாதிரி கேக்குற?"

அவள் கை மவுஸிலேயே உறைந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா எங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு இத்தன நாளா சொல்லல."

சபாபதிக்குப் புரிந்துபோனது. தான் பயந்தது வந்துவிட்டது.

"என்னப் புடிக்கல, அதானே?"

"ஐயோ, அது இல்லீங்க!" அவள் வேகமாகத் தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. "வெயில்ல எல்லாம் நல்லாத் தெரியும். வெளிச்சம் கொறஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். மில்லுக்குள்ள வாசல் மட்டும்தான் தெரிஞ்சுது, மத்ததெல்லாம் கருப்பு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஆவலாகத் திரையின் பக்கம் திரும்பினாள்.

"நம்ம மில்லுக்குள்ள என்ன இருக்குன்னு இப்பதாங்க பாக்குறேன்."